வெற்றிபெற்ற நுழைவுகள் மட்டும்

அம்மாபேட்டை, சேலம்
19 பிப்ரவரி 2025

கௌசியாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். ஒன்பது நாளாக உனக்கு ஃபோன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. முந்தாநாள் உன் அம்மா எடுத்து, “தொழுதுகிட்டு இருக்காம்மா” என்றார்கள். அரை மணி கழித்து அடித்தேன், அதே பதில். இன்னும் அரை மணி கழித்தும் அதே பதில். எட்டு வருடமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்தவள் நான். உன் தொழுகை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாதா?

என் பல்கலைக்கழக மெயிலை நீங்களே மூடிவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், என் ஃபோனில் உள்ள செய்தியெல்லாம் அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறது விசாரணைக் குழு. அதனால் கடைக்குப் போய் உறை வாங்கினேன். கடைக்காரர் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், எனக்கே ஒரு தெளிவு வரட்டும். பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் புள்ளியியல் துறைத் தலைவர் நாச்சிமுத்து சாரின் மெயிலிலிருந்து நாலாயிரம் மாணவர்களுக்கு, இந்த இணைப்பில் போனால் ஹால் டிக்கெட் கிடைக்கும் என்று ஒரு மெயில் போனது. அனுப்பியது சார் இல்லை, யாரோ திருடன். அறுநூறு பிள்ளைகள் அதை நம்பித் தங்கள் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தேர்வு ஒரு வாரம் தள்ளிப் போனது. பத்தாம் தேதி என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். காரணம், சாரின் அனுமதியில்லாமல் அவர் பாஸ்வேர்டை நான் பயன்படுத்தினேனாம்.

அனுமதியில்லாமல். ஆறு வருடமாகத் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு அவர் மெயிலைத் திறப்பது நான், படிப்பது நான், பதில் எழுதுவது நான். “எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் சங்கதியே வேண்டாஞ்சாமி, நீயே பாத்துக்க” என்று அவர் சொன்னதை நீயே உன் காதால் கேட்டிருக்கிறாய். இப்போது அவர், தமக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 13 பதிவாளர் தலைமையில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போகும். ஏப்ரலில் வரவேண்டிய நிரந்தர விரிவுரையாளர் நேர்காணலும் போகும். கடவுச்சொல் திருடி என்று பேர் வாங்கியவளை இந்தப் பக்கத்தில் எந்தக் கல்லூரியும் சேர்க்காது. கணினி மையத்தில் மெயில் பொறுப்பு உன்னுடையது. குழுவுக்கு அறிக்கை கொடுத்தது நீதான். அதில் என்ன எழுதினாய்? இது ஒன்றை மட்டும் சொல்.

உஷாராணி

*

அயோத்தியாப்பட்டணம்
22 பிப்ரவரி 2025

உஷா,

உன் கடிதம் வந்தது. இனிமேல் அலுவலக முகவரிக்கு எழுதாதே. அங்கே தபால் பிரிவில் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள். வேல்முருகன் உன் கையெழுத்தை அடையாளம் கண்டு பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார், பிழைத்தோம். மேலே இருப்பது என் வீட்டு முகவரி. அம்மாபேட்டையிலிருந்து இங்கே பஸ்ஸில் இருபது நிமிடம், தபாலில் இரண்டு நாள். பரவாயில்லை. பதினோரு வருடமாக மெயில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் தபால்தான்.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. மின்னஞ்சல் விதிகளில் பதினான்காவது: நுழைவுப் பதிவேட்டின் விவரம் குழுவுக்குத் தவிர வேறு எவருக்கும் தரப்படாது. நான்காவது: மேலதிகாரியுடையது உட்படப் பிறர் கடவுச்சொல்லை எவரும் பயன்படுத்தக் கூடாது. ஆறாவது: கணக்கில் நடக்கும் எதற்கும் கணக்கை வைத்திருப்பவரே பொறுப்பு. நாலாவதை வைத்துப் பார்த்தால் உன் தப்பு, ஆறாவதை வைத்துப் பார்த்தால் சாரின் தப்பு. குழு நாலோடு நின்றுவிட்டது.

என்னிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

திருட்டு நடந்த நாளிலிருந்து அந்த அறுநூறு பிள்ளைகளுக்கும் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் போனால் வாசல்வரைக்கும் வரிசை. ஒரு பையன் தன் பதிவெண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருந்தான். அதை மாற்றச் சொன்னேன், மாற்றினான். மறுநாள் பார்த்தால் பதிவெண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறான். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ஃபோனை எடுக்காததும் அதனால்தான் என்று வைத்துக்கொள்.

கௌசியா

*

அம்மாபேட்டை
25 பிப்ரவரி 2025

கௌசியா,

வைத்துக்கொள்ள மாட்டேன். மூன்று விதி எழுதினாய், நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நான் உன்னிடம் விதிப் புத்தகம் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்ததே நான்தான், துறைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று கேட்டபோது சார் என்னைத்தானே அனுப்பினார்.

சரி, எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலத்தில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பதினொன்றே முக்காலுக்குச் சார் ஃபோன் செய்தார். “சாமி, என்ற மெயிலு பாஸ்வேர்டு என்ன? சித்தச் சொல்லு” என்றார். பந்தலில் தவில் முழங்குகிறது. அவருக்குக் கேட்கவில்லை. பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது, நடுவில் என்ன குறி என்று மூன்று தரம் கத்திச் சொன்னேன். அன்று பந்தலில் இருந்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் புள்ளியியல் துறைத் தலைவரின் பாஸ்வேர்டு தெரியும். எதற்கு என்று அவரை நான் கேட்கவில்லை. தன் பாஸ்வேர்டைத் தானே கேட்கிறார், எதற்கென்று எப்படிக் கேட்பது?

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. ‘உங்கள் மெயில் கணக்கு 24 மணி நேரத்தில் மூடப்படும்’ என்று அந்த வாரம் எல்லாருக்கும் ஒரு கள்ள எஸ்எம்எஸ் வந்ததே, அது அவர் ஃபோனுக்கும் வந்திருக்கும். பயந்து போய் அதிலிருந்த இணைப்பில் பாஸ்வேர்டை எழுதியிருப்பார். என் ஃபோனில் அந்த அழைப்பு இருக்கிறது, நாலு நிமிடம் பேசியதும் இருக்கிறது. என்ன பேசினோம் என்பது இல்லை. பரீட்சை பற்றிப் பேசினேன் என்று அவர் சொன்னால் முடிந்தது.

ஆனால் சாரை எனக்குத் தெரியும். தானே நாலு தரம் முயற்சி செய்து தோற்காமல் யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் கணக்கு மூடிவிட்டதா என்று தன் ஃபோனிலிருந்து பல்கலைக்கழக மெயிலுக்குள் போகப் பார்த்து, தப்புத் தப்பாக அடித்திருப்பார். அந்தத் தோல்வியெல்லாம் உன் பதிவேட்டில் இருக்குமா, இருக்காதா? இருந்தால் நான் சொல்வது உண்மை என்று ஆகிவிடும். அறிக்கையில் அதைக் கொடுத்தாயா?

தோற்றதை விட்டுவிட்டு ஜெயித்ததை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகும் என்று முதல் செமஸ்டரிலேயே நான் பாடம் நடத்துகிறேன்.

உஷா

*

அயோத்தியாப்பட்டணம்
3 மார்ச் 2025

உஷா,

நோன்பு நேற்று தொடங்கியது. வேலைக்குப் போய் வந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டே உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். நோன்பு வைத்துக்கொண்டு சுற்றி வளைத்து எழுத மனம் வரவில்லை.

இருக்கிறது. பதிவேட்டில் 11.38, 11.40, 11.41. மூன்று தரம், சாரின் ஃபோனிலிருந்து, மூன்றும் தவறான கடவுச்சொல். அதன்பின் 12.05க்கு வெளிநாட்டிலிருந்து ஒரு நுழைவு, முதல் முயற்சியிலேயே சரியான கடவுச்சொல். நடுவில் உன் நாலு நிமிடம். இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் கதை புரியும்.

குழு எழுதிக் கேட்டது, ‘இக்கணக்கில் நுழைந்தவர்கள் யார், எங்கிருந்து?’ என்று. நான் ஒரு பட்டியல் கொடுத்தேன். அதன் தலைப்பு ‘வெற்றிபெற்ற நுழைவுகள் மட்டும்’. நுழைய முடியாதவர் நுழைந்தவர் ஆகமாட்டார் அல்லவா? பட்டியலில் ஆறு வருடமாக உன் மேசைக் கம்ப்யூட்டரும், கடைசியாக அந்த வெளிநாட்டு வரியும் இருந்தன. அதைப் படிக்கிறவர்கள் உன்னைத்தான் நினைப்பார்கள் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அந்தத் தோல்விகள் இருக்கும் பக்கத்தை அச்செடுத்தால் அதன் தலையில் இன்னொரு வரி வரும். ‘இரண்டாவது சரிபார்ப்பு: விதிவிலக்கு. அளித்தவர்: கௌசியா பேகம். நாள்: 11.3.2024. பதிவாளர் அனுமதி எண்: இல்லை.’

போன வருடம் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயமாக்கினோமே, நினைவிருக்கிறதா? பாஸ்வேர்டு போட்டபின் ஃபோனுக்கு ஓர் எண் வரும், அதையும் போட்டால்தான் மெயில் திறக்கும். சாரின் கணக்குக்கு மட்டும் அது இல்லை, ஏனென்றால் நான் எடுத்துவிட்டேன். அது இருந்திருந்தால் பாஸ்வேர்டு கிடைத்தும் திருடனால் உள்ளே வந்திருக்க முடியாது. ஒரு மாதத்துக்கு என்று எடுத்தேன், பதினொரு மாதம் அப்படியே கிடந்தது. யார் கேட்டு எடுத்தேன் என்று நான் எழுத மாட்டேன். நீயே யோசித்துப் பார்.

அந்த வரியை மறைத்து அச்செடுக்க என்னால் முடியும். ஆனால் பதிவேட்டைத் திருத்தினால் அது வேறு குற்றம், அதற்கு நான் தயாரில்லை. என் வீட்டுக்காரர் சமியுல்லா சொல்கிறார்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கே. இதுல பொய் எங்க இருக்கு?” இதையே நான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருபது நாள் ஆகிறது.

கௌசியா

*

அம்மாபேட்டை
7 மார்ச் 2025

கௌசி,

நான்தான் கேட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் நினைவு வந்துவிட்டது. சார் வகுப்பில் இருப்பார், ஃபோன் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஓடிபிக்காக நான் இரண்டு மாடி ஏறி, வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. “கால் வலிக்குது கௌசி, ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்துவுடு” என்று கேன்டீனில் வைத்துக் கேட்டேன். நீ முடியாது என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதி சாப்பாட்டில் எழுந்து போனேன். சாயங்காலம் நீ எடுத்துவிட்டாய். இதை மறந்துபோய் உனக்கு முதல் செமஸ்டர் பாடம் நடத்தினேன்.

நேற்று சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்று என் வீட்டுக்காரர் காளிதாஸிடம், “ஏனுங்க, உள்ளார வரலாமுங்களா?” என்று கேட்டார். காளிதாஸுக்கு அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எத்தனை நாளாக ஆத்திரம். சார் நின்ற நிலையைப் பார்த்து நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

“சாமி, நான் ரிட்டயர்டு ஆவறதுக்கு ரெண்டு மாசந்தான் கெடக்குது. திருச்செங்கோட்டுல ஒரு காலேஜ்ல டீனாக் கூப்புட்டிருக்கறாங்க. இப்பப் போயி நாந்தான் பாஸ்வேர்டக் குடுத்தேன்னா அதுவும் போயிரும், ஊட்டுலயும் மொகங்குடுத்துப் பேச முடியாது.”

“சார், ஞாயித்துக்கிழமை எங்கிட்ட கேட்டீங்களா, இல்லையா?”

“கேட்டேஞ்சாமி. உன்றகிட்டத்தான கேட்டேன். அத எப்புடி அங்க நான் சொல்றது?”

ஒரு தாளை எடுத்து வைத்தார். ‘பேராசிரியரின் அனுமதியின்றி அவரது கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்தினேன், வருந்துகிறேன்.’ அடியில் என் பேர். கையெழுத்துப் போட்டால் டிஸ்மிஸ் செய்யமாட்டார்கள், ராஜினாமா என்று ஆக்கிக்கொள்வார்களாம். அந்தக் கடிதத்தை அவராகத் தட்டச்சு செய்திருக்க முடியாது. யாரை உட்காரவைத்துத் தட்டச்சு செய்யச் சொன்னாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் கௌசி. அலுத்துவிட்டது. மெயில் எழுதி எழுதி ஆறு வருடம் போனது, இப்போது மெயில் எழுதியதற்கு விளக்கம் எழுதி ஒரு மாதம் போகிறது. நான் கேட்டதற்காக நீ செய்தாய், அதற்காக உன் வேலை போகவேண்டாம். அந்தப் பக்கத்தைக் கொடுக்காதே.

இதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எல்லாம் தெரிந்துகொண்டே ஃபோனை எடுக்காமல் இருந்தாயே, அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

உஷா

*

அயோத்தியாப்பட்டணம்
11 மார்ச் 2025

உஷா,

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்குமோ என்று பயந்து, அம்மாபேட்டைப் பக்கம் போகிற என் தம்பி ஃபர்ஹானிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் ஒன்றும் கேட்கமாட்டான், நீயும் ஒன்றும் சொல்லாதே.

நான் விதிவிலக்கு கொடுத்து இன்றைக்குச் சரியாக ஒரு வருடம். அன்று முடியாது என்று ஒரே பிடியாக நின்றிருந்தால் நீ நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். அந்த நாலு நாளுக்குப் பயந்துதான் எடுத்துவிட்டேன். பதிவாளர் என்ன சொல்வாரோ என்று அப்போது நான் நினைக்கவேயில்லை.

நாளை மறுநாள் குழுவுக்கு முன் போகலாம் என்று இருக்கிறேன். முழுப் பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் என்னை நம்பி இருக்காதே உஷா. இன்று காலை ஒரு மனம், சாயங்காலம் அஸர் தொழுகையில் ஒரு மனம். பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது. சமியுல்லா பேசுவதை நிறுத்திவிட்டார். அன்றைக்குக் காலையில் எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டாலும் படுத்துக்கொள்வேன்.

நான் வந்தாலும் வராவிட்டாலும் நீ செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்காதே.

கௌசி

*

அம்மாபேட்டை
15 மார்ச் 2025

கௌசி,

நீ ஏன் நிற்காமல் போனாய்?

காலை பத்து மணியிலிருந்து என்னைப் பதிவாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பதினொன்றுக்கு நீ ஒரு கோப்போடு வந்தாய். என்னைப் பார்க்காமலே உள்ளே போனாய். முக்கால் மணி நேரம். நீ திரும்பி வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குப் பின்பக்கம் இன்னொரு கதவு இருப்பது எனக்குத் தெரியாது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவாளர் முன்னால் ஒரே ஒரு தாள் இருந்தது. அதைத் திருப்பி என் பக்கம் வைத்து, “ஞாயித்துக்கிழமை அவர் உங்களுக்கு ஃபோன் பண்ணாரா?” என்று கேட்டார். பண்ணினார் என்றேன். என்ன கேட்டார் என்றார், சொன்னேன். காதுகுத்து, தவில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து சாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “உண்மைங்களா சார்?” என்று பதிவாளர் கேட்டார். சார் அந்தத் தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரமா என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: “ஆமாங்க. கேட்டேனுங்க. என்ற பாஸ்வேர்டு எனக்கு எப்பவுமே தெரியாதுங்க. அந்தப் புள்ளைக்குத்தான் தெரியும். அது தப்புன்னு எனக்கு நெசமாலுமே தோணலீங்க.”

இந்த மனிதருக்காகவா ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன் என்று எரிச்சல் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. அவர் பொய் சொன்னபோது ஆத்திரப்பட்ட அளவுக்கு, உண்மை சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

என் சஸ்பென்ஷனை நீக்கிவிட்டார்கள். கண்டிப்புக் கடிதம் ஒன்று வரும், ஆனால் ஏப்ரல் நேர்காணலுக்குத் தடையில்லை என்று பதிவாளரே வாயால் சொன்னார். உன்னை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். “அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது” என்றார். எனக்கா சம்பந்தமில்லை?

உன் வீட்டுக்கு நேராக வந்திருப்பேன். சமியுல்லா அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயக்கமாக இருக்கிறது. எழுது.

உஷா

*

அயோத்தியாப்பட்டணம்
19 மார்ச் 2025

உஷா,

பின்கதவு வழியாகப் போகச் சொன்னது அவர்கள். முன்பக்கம் விட்டிருந்தாலும் நான் நின்றிருக்கமாட்டேன் என்பதும் உண்மைதான். வாயெல்லாம் வறண்டு போயிருந்தது, அழுகை வேறு. நோன்போடு உன் முன்னால் அழுதுகொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை.

வேலை போகவில்லை. மெயில் பொறுப்பு போய்விட்டது. மையத்தின் மாணவர் கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கெட்டுப்போன கீபோர்டை மாற்றுவதும் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும் இனி என் வேலை. பதினோரு வருடமாக என்னிடம் இருந்த அட்மின் பாஸ்வேர்டை சிவபிரகாஷ் என் எதிரிலேயே மாற்றினான். நான் பழக்கிவிட்ட பையன். “மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?” என்றான். சரியாகத்தான் செய்தான், அப்படித்தான் செய்யவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. ‘தனிப்பட்ட நட்பின் காரணமாகப் பாதுகாப்பு விதி மீறப்பட்டுள்ளது.’ அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பிரிண்டர் வேலைகூட அவ்வளவு உறுத்தவில்லை.

அந்த ஒரு வரியை வைத்துப் புது விதி போட்டிருக்கிறார்கள், இருபத்தேழாவது. எல்லாருக்கும் ஒரு படிவம் வரும். ஏழாவது பத்தியைக் கவனி. கணினி மையத்து ஆட்களுக்கு, ‘மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் எவருடனும் நெருங்கிய உறவோ நட்போ உண்டா?’ என்று கேட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு, ‘கணினி மையப் பணியாளர் எவருடனும் உண்டா?’ என்று. நான் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் அப்படியே எழுது. ஏப்ரல் நேர்காணலில் உன் கோப்பு மேசைமேல் இருக்கும், படிவமும் அதில் இருக்கும். என் பேரைப் பார்த்தால் பழையதெல்லாம் கிளறுவார்கள். இவ்வளவு பட்டபிறகு அந்த ஒரு வார்த்தைக்காக வேலையை விட்டுவிடாதே.

இனிமேல் கேன்டீனில் தனித்தனியாக உட்காருவதுதான் நல்லது. கொஞ்ச நாளைக்கு.

கௌசி

*

அம்மாபேட்டை
24 மார்ச் 2025

கௌசி,

திங்கட்கிழமையே ஒரு வேலையை முடித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். படிவம் இன்று வந்தது. எங்கள் துறை அலுவலகத்து சாரதாமணி அம்மாதான் கொடுத்தார்கள். “ஏழாவத மட்டும் சும்மா வுட்டுருங்க மேடம், யாரு பாக்கப் போறாங்க?” என்றார்கள். துறையில் எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் அடுத்தவர்மேல் புகார் எழுதுகிற ஆட்கள்கூட ஏழாவது பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் நானூறு பேருக்கும் ஒரு சிநேகிதம்கூட இல்லை போலிருக்கிறது.

நானும் ‘இல்லை’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ சொன்னது அத்தனையும் சரி. நேர்காணலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, எனக்கு முப்பத்தாறு வயது, இன்னொரு தடவை இந்தப் பணியிடம் வரும்போது நான் எங்கே இருப்பேனோ தெரியாது. எல்லாம் யோசித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் சௌகரியமான பதில் என்று எழுதித்தான் நாம் இரண்டு பேரும் இந்தக் கதிக்கு வந்தோம். அதையே இன்னொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

‘உண்டு’ என்று எழுதினேன். பெயர்: கௌசியா பேகம், கணினி மையம். ‘பழக்கத்தின் தன்மை’ என்று ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். ‘சிநேகிதி, எட்டு வருடம்’ என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. ‘நான் கேட்டதற்காக ஒரு தப்பும், எனக்காக ஒரு நல்லதும் செய்தவர்’ என்று சேர்த்துவிட்டு, தேதி போட்டு, பதிவாளர் அலுவலகத்தில் நானே நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். கோப்பில் போகட்டும். மேசைமேல் இருக்கட்டும். கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உன் படிவத்தில் இல்லை, என் படிவத்தில் உண்டு. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கப் போகின்றன. பொருந்தவில்லையே என்று யாராவது கேட்டால் நான் என்னுடையதை மாற்ற மாட்டேன். முப்பத்தொன்றாம் தேதிவரை திருத்திக் கொடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன்.

இது கைக்குக் கிடைத்த மறுநாளே போய் உன்னுடையதைத் திருத்திக் கொடு.

உஷா